கோடு கிழித்த கோதுமைக் கதிர்

3 நவம்பர் 2025, திங்கள்

இன்று காலை பதினொன்றே காலுக்கு, ஏழுபாறை மாளிகையின் உணவு அட்டையில் குறுக்கே கோடு கிழித்த கோதுமைக் கதிர்க் குறி உணவுப் பெயரின் இடப்புறத்தில்தான் வரும் என்று தீர்மானிக்கப்பட்டது. நாற்பது நிமிட ஆலோசனைக்குப் பிறகு எடுத்த முடிவு. ஆலோசனையில் கலந்துகொண்டவன் நான் ஒருவன். எதிர்ப்பும் என்னிடமிருந்துதான் வந்தது. வலப்புறத்தில் விலை இருக்கிறது, இரண்டும் இடித்துக்கொள்ளும் என்று சொல்லி அதைச் சமாளித்தேன்.

பின்னாளில் எனக்கே மறந்துபோகலாம் என்பதால் பின்னணியையும் எழுதி வைக்கிறேன். ஜூலையில் எங்கள் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆகஸ்டில் மேலாளர் விநாயகம் மாமல்லபுரத்துக்கு ஒருநாள் பயிற்சிக்குப் போனார். திரும்பும்போது ஒரு பையும் ஒரு வார்த்தையும் கொண்டுவந்தார். பையில் பேனா இருந்தது. வார்த்தை, க்ளூட்டன். கோதுமையிலும் அதன் பங்காளிகளிலும் இருக்கும் பசை. சிலருடைய குடலுக்கு ஆகாது.

"அது இல்லாத ஐட்டத்துக்கெல்லாம் குறி போடணுமாம் பாஷா. பெரிய ஓட்டல்ல எல்லாம் போட்டிருக்காங்க."

நெல் மூட்டைகள் லாரி லாரியாக வந்து இறங்கும் ஊர் இது. பாதி ஊர் பிறந்ததிலிருந்து க்ளூட்டன் இல்லாமல்தான் சாப்பிடுகிறது, குறி இல்லாமல். இருந்தாலும், இல்லாத ஒன்றைப் பெருமையாகச் சொல்லி விற்கும் யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. அதில் எனக்கு அனுபவமும் உண்டு. உணவுக்கூடத்தின் பொறுப்போடு அட்டையின் எழுத்தும் என்னுடையது. திண்டிவனத்து அச்சகத்தில் பதினோரு வருடம் பிழை திருத்தியவன் என்பதால் எனக்கு எழுத வரும் என்று விநாயகம் நம்புகிறார். இந்த மாளிகையை 1890இல் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் கோடைக்கு ஒதுங்கக் கட்டினார் என்று அட்டையின் முதல் பக்கம் சொல்கிறது. கட்டியவர் கடலை மண்டி முதலாளி, 1961இல். கலெக்டரைக் கட்டியது நான். அவருக்கு ஒரு நாயும் கொடுத்திருக்கிறேன். விருந்தினர்கள் நாயின் பெயரைக் கேட்கிறார்கள்.

மதியம் சமையலறைக்குப் போய், எதிலெல்லாம் கோதுமை இல்லை என்று மீனம்பாளைக் கேட்டேன். தொண்டூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து இந்த மாளிகையின் பெயரைக் காப்பாற்றுகிறவள் அவள்தான்.

"சப்பாத்தி, பூரி, உப்புமால இருக்குது. மத்ததுல இன்னாத்துக்கு பாய் போடுவாங்க?"

"சாம்பார்?"

"சாம்பார்ல எவளாவது கோதுமைய போடுவாளா? டப்பாவெல்லாம் எடுத்து வரிசையா வைக்கட்டா, நீங்களே பாக்கிறீங்களா?"

வேண்டாம் என்றேன். குறிக்குப் பச்சையா பழுப்பா என்ற கேள்வி இன்னும் பாக்கி இருந்தது.

பதினோரு உணவுகள் தேறின.

5 நவம்பர், புதன்

அட்டைகள் வந்தன. பச்சை, நான் கேட்டதைவிட ஒரு சாயல் அழுத்தம். இதோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

11 நவம்பர், செவ்வாய்

முதல் க்ளூட்டன் விருந்தினர் வந்துவிட்டார். பெயர் தமிழினி, திருச்சி. முப்பத்தைந்து வயது இருக்கும். பழைய கட்டடங்களை அளந்து வரைவது தொழில். கோட்டைக்குள் இருக்கும் நெற்களஞ்சியத்தை வரைய ஒரு வாரம் அறை எடுத்திருக்கிறார். தானே கார் ஓட்டி வந்தார். பெட்டிக்கு முன்னால் இறங்கியது ஒரு ரைஸ் குக்கர். அதைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ரூம்ல ப்ளக் பாயிண்ட் இருக்கா சார்? பெருசா ஒண்ணும் சமைக்க மாட்டேன். கஞ்சி மட்டும். எனக்கு சீலியாக்."

கோதுமை துளி உள்ளே போனாலும் குடல் தன்னைத்தானே தின்ன ஆரம்பிக்கும் என்று விளக்கினார். பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

"இங்கே குக்கருக்கு அவசியமே இல்லைம்மா" என்று அட்டையை நீட்டினேன். அந்தக் கணத்துக்காகவே அந்த அட்டை அச்சடிக்கப்பட்டது.

அவர் அதை ஒரு காலத்தில் நான் அச்சுப்படி படித்த மாதிரி, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"சாம்பாருக்கே குறி போட்டிருக்கீங்க. பெருங்காயம் எப்படி சார்?"

"முதல் தரம்மா. கலப்பே கிடையாது. சுத்தமான பெருங்காயம்."

"டப்பாவப் பாத்தீங்களா?"

"பாத்துதாம்மா குறி போட்டோம்."

ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். பிறகு குக்கரை எடுத்துப்போய்க் காரின் பின்பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு திரும்பி வந்தார். பரீட்சை முடிந்து வெளியே வருகிறவர்களின் நடை.

ஒரு விருந்தினரின் கவலையை மூன்று வாக்கியத்தில் தீர்த்தேன். விநாயகத்திடம் சொன்னேன். அவர் எனக்கு அந்தப் பேனாவைக் கொடுத்தார்.

12 நவம்பர், புதன்

மதியம் தமிழினி முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு வெகுநேரம் மெல்லாமல் இருந்தார். மீனம்பாள் சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாய், அந்தப் பொண்ணு அழுவுது?"

"காரம் போலிருக்கு."

"என் சாம்பார்ல காரமா?" என்று, அவமானப்பட்டவளாக அடுத்த கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். பரிமாறுவது அவள் வேலையே இல்லை.

"ஒம்பது வருஷம் ஆச்சு அக்கா, வெளிய சாம்பார் சாப்பிட்டு. உங்க கைப்பக்குவமா?"

"கை எங்க பக்குவம் பாக்குது, கரண்டிதான் பாக்குது. நீ நல்லா ஊத்திக்கினு சாப்பிடும்மா. குச்சி மாதிரி கீற."

தமிழினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்றாவது கிண்ணமும் போயிற்று.

13 நவம்பர், வியாழன்

காலையில் இட்லி, சாம்பார். மதியம் சாம்பார், ரசம். இரவு மிச்சச் சாம்பார் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டார். களஞ்சியத்தின் மூன்று சுவர்கள் முடிந்துவிட்டன, மேற்குச் சுவர் மட்டும் பாக்கி என்று வரைபடத்தைக் காட்டினார். கல்லுக்குக் கல் எண்ணிக்கை தவறாமல் இருந்தது. இவ்வளவு துல்லியமான மனுஷி என் பேச்சை நம்பினாரே என்று அப்போது தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தது.

14 நவம்பர், வெள்ளி

ஜும்மா தொழுகை முடிந்து வந்தபோது தமிழினியின் நான்காம் அறை மூடியே இருந்தது. கார் அசையவில்லை. காலையிலிருந்து வாந்தியாம், வயிற்றுப்போக்காம். டாக்டர் வந்து போனார். மீனம்பாள் கஞ்சி வைத்து அனுப்பினாள். அப்படியே திரும்பி வந்தது. வெந்நீர் போதுமாம்.

வெளியே நல்ல மழை.

15 நவம்பர், சனி

மாலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. என்னைத் தேடித்தான் வந்தாராம்.

"மன்னிச்சிருங்க சார். உங்க ஓட்டலுக்குக் கெட்ட பேரு ஆயிடுமோன்னு ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. தப்பு என்னோடதுதான். புதன்கிழமை கோட்டை வாசல்ல பொரி உருண்டை வாங்கித் தின்னேன். என்ன போட்டு உருட்டினாங்கன்னு கேக்கல. ஆசை. நீங்க டப்பா வரைக்கும் பாத்துக் குறி போடுறீங்க, நான் ஒரு உருண்டைக்குக் கட்டுப்படல."

"பரவாயில்லைம்மா, மனுஷங்களுக்கு ஆசை வர்றதுதான்" என்று சொல்லி அவரை மன்னித்தேன்.

16 நவம்பர், ஞாயிறு

தமிழினி போய்விட்டார். மேற்குச் சுவர் வரையாமலே நிற்கிறது.

19 நவம்பர், புதன்

என் மனைவி பர்வின், வீட்டுக்குள் வரும் எந்தப் பாக்கெட்டையும் பின்பக்கம் படிக்காமல் விடமாட்டாள். எதில் ஜெலட்டின், எதில் கொழுப்பு, எதில் சாராய வாசனை. எங்கள் வீட்டில் பிஸ்கட்கூடச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் அலமாரி ஏறும். இன்று மாலை மளிகைச் சாமான் வந்தது. அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, பெருங்காயத்துல கோதுமை மாவு போட்டிருக்கான்."

"என்னது?"

"எழுதியிருக்குது பாருங்க. மொதல்ல கோதுமை மாவு, அப்புறம் பிசின், மூணாவதாத்தான் பெருங்காயம். மாவுக்குத்தான் நாம காசு குடுக்கிறோம்."

டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். ஹராம் இல்லை. அவளைப் பொறுத்தவரை விசாரணை முடிந்தது.

டப்பாவப் பாத்தீங்களான்னு தமிழினி கேட்டாங்களே பாஷா. தரத்தையா கேட்டாங்க? மாவு இருக்கான்னு கேட்டாங்கடா. பாத்துதான் போட்டோம்னு சொன்னியே — யாரு உன்னைய சொல்லச் சொன்னா? தெரியல, உள்ள போய்ப் பாத்துட்டு வரேன்னு சொல்லியிருந்தா உன் தலையா போயிருக்கும்?

வேறு கம்பெனி டப்பாவாக இருக்கலாம். காலையில் பார்க்க வேண்டும்.

20 நவம்பர், வியாழன்

அதே கம்பெனி. ஒரு கிலோ டப்பா. எழுத்து வீட்டு டப்பாவில் இருந்ததைவிடப் பெரியது. கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது.

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை மீனம்பாள் பார்த்துவிட்டாள். இனிமேல் குறி போட்ட எதிலும் பெருங்காயம் வேண்டாம் என்றேன்.

"பெருங்காயம் இல்லாம இன்னா சாம்பார் அது? பருப்புத் தண்ணி. யாரு சொன்னது?"

"மேலிடம்."

மாளிகையின் மேலிடம் விநாயகம். அவருக்குப் பெருங்காயத்தையும் பேரிச்சம்பழத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

இனிமேல் யாருக்கும் ஆபத்தில்லை. ஆகவே பிரச்சினை தீர்ந்தது. இப்படி ஒரு வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன். எழுதிய கையே அதை நம்பவில்லை. தமிழினிக்குச் சொல்ல வேண்டும். நாளை.

24 நவம்பர், திங்கள்

நாளை என்பது நான்கு நாளாக வந்துகொண்டிருக்கிறது.

இன்று விநாயகம் செல்போனை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். இந்த நோய் உள்ளவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறதாம், ஆயிரக்கணக்கான பேர். அதில் தமிழினி எங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வழியில் எதையோ தின்று உடம்பைக் கெடுத்துக்கொண்டது தன் தவறு என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். அதன் கீழே: "செஞ்சிப் பக்கம் போனால் பயப்படாமல் சாப்பிடலாம். அங்கே பாஷா சார் என்று ஒருவர் இருக்கிறார். டப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் குறி போடுகிறார்."

விநாயகம் இதை அச்செடுத்துச் சட்டம் போட்டு உணவுக்கூடத்தில் மாட்டச் சொல்லிவிட்டார். பொங்கலுக்கு ஏழு குடும்பங்கள் அறை கேட்டிருக்கின்றன. இரண்டில் குழந்தைகளுக்கு இந்த நோய்.

சட்டத்துக்கு என்ன நிறம் என்று என்னைத்தான் கேட்டார்.

26 நவம்பர், புதன்

சொல்லவில்லை. மழை.

28 நவம்பர், வெள்ளி

சொல்லவில்லை. மழை இல்லை.

2 டிசம்பர், செவ்வாய்

தமிழினியிடமிருந்து செய்தி வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"பாஷா சார், நல்லாருக்கீங்களா? டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சு. குடல்ல மறுபடியும் புண்ணாம். அந்த ஒரு உருண்டையால இவ்வளவு ஆகாதுன்னு டாக்டர் சொல்றாங்க. அதைத் தவிர கோதுமையும் சாப்பிடலைன்னா வேற எதுவோ ஒத்துக்கலை, பருப்பா இருக்கலாம்னு சந்தேகம். துவரம்பருப்பு, உளுந்து எல்லாத்தையும் மூணு மாசம் நிறுத்தச் சொல்லிட்டாங்க. உளுந்து போச்சுன்னா இட்லியும் போச்சு. என்னத்தத்தான் தின்றதுன்னு நினைச்சா சிரிப்பு வருது. மீனம்பாள் அக்காவ விசாரிச்சதா சொல்லுங்க. அவங்க சாம்பார்தான் கடைசி."

பதிலுக்குக் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினேன்.

அரிசி, பருப்பு, காய்கறி என்று எண்ணித் தின்கிற மனுஷி. அதிலிருந்தும் ஒன்றைப் பிடுங்கிவிட்டேன். பருப்பின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. கைகூப்பினேன்.

3 டிசம்பர், புதன்

திருவண்ணாமலை தீபத்துக்குப் போகிறவர்களால் எல்லா அறைகளும் நிரம்பின. மதியம் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. பர்வின் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பத்து நாளா பாக்கிறேன். இன்னா ஆச்சு உங்களுக்கு?"

சொன்னேன். முழுவதும்.

"ஒரு கடையில ஹலால்னு போர்டு போட்டிருக்கான். நம்பி நாம சாப்டுட்டோம். அப்புறம் பாத்தா ஹராம்னு அவனுக்குத் தெரிஞ்சிடுச்சி. நம்மகிட்ட சொல்லாம, போர்டை மட்டும் தொடச்சி வச்சிக்கினு உக்காந்திருக்கான். அவன நீங்க இன்னான்னு சொல்வீங்க?"

"வேணும்னு பண்ணலை பர்வின்."

"அன்னைக்குப் பண்ணது வேணும்னு இல்ல. இன்னைக்குப் பண்றது?"

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முப்பது வருடமாக நான் படித்த புத்தகங்களைத் தூசி தட்டி வைக்கிறவள். ஒன்றையும் திறந்ததில்லை.

5 டிசம்பர், வெள்ளி

மீனம்பாள் வழியை மறித்தாள்.

"திருச்சிப் பொண்ணு எப்படி இருக்குது?"

"உன்னை விசாரிச்சாங்க."

"அத கேக்கல. எப்படி இருக்குதுன்னு கேட்டேன். பெருங்காயத்த எதுக்கு நிறுத்தினீங்க பாய்?"

சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"டப்பாவ எடுத்து வைக்கட்டான்னு கேட்டேன் இல்ல?"

"கேட்ட."

"எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?"

"பத்து நிமிஷம்."

"ரெண்டாவது கிண்ணம் நான்தான் ஊத்தினேன். மூணாவதும். நல்லா ஊத்திக்கினு சாப்பிடுன்னு வேற சொன்னேன். அந்தப் பொண்ணு என் கையப் புடிச்சிச்சி." முந்தானையால் கையைத் துடைத்தாள். கையில் ஒன்றும் இல்லை. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா? எனக்கு நெம்பர் தெரியாது. ஆனா கண்டுபுடிச்சிடுவேன்."

6 டிசம்பர், சனி

நேரில் பேச முடியாது, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் கடிதம், பெருங்காயம் எந்தெந்த நாடுகளைக் கடந்து இந்தியாவுக்கு வந்தது என்று தொடங்கியது. ஒன்றரைப் பக்கத்தில் கைபர் கணவாயைத் தாண்டவில்லை. கிழித்தேன்.

இரண்டாவதில் 'சமையலறையில் நேர்ந்த கவனக்குறைவு' என்று இருந்தது. சமையலறையில் இருப்பது மீனம்பாள். என் தப்பைக் கொண்டுபோய் அவள் அடுப்படியில் வைத்திருக்கிறேன். அதுவும் எவ்வளவு சரளமாக வந்தது! கிழித்தேன்.

மூன்றாவது, மன்னிப்பு. படித்துப் பார்த்தால் அதை எழுதியவன் நல்லவனாகத் தெரிந்தான். அதையும் கிழித்தேன்.

விநாயகத்திடம் விஷயத்தைச் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"எழுத்துல ஒண்ணும் குடுக்காத பாஷா. அந்தம்மா நல்லாத்தான எழுதியிருக்குது? பெருங்காயத்தையும் நிறுத்திட்ட. நீயா போயி ஏன் டென்ஷன இழுக்கற? பொங்கலுக்கு ஏழு ரூமு."

"அவங்க பருப்ப நிறுத்திட்டாங்க சார்."

"பருப்பு நிறுத்தினா செத்தா போயிடுவாங்க?"

என்னிடம் இருந்த பேனா அவர் கொடுத்தது. மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வீரம் என்று எழுத ஆசை. மை தீர்ந்திருந்தது.

7 டிசம்பர், ஞாயிறு

காலை பத்தரை. கோட்டைக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டுப் போன் செய்தேன்.

"பாஷா சார்! சொல்லுங்க."

"சாம்பார்ல போட்ட பெருங்காயத்துல கோதுமை மாவு இருந்துதும்மா. நான் டப்பாவப் பாக்கலை. பாத்தேன்னு பொய் சொன்னேன். மீனம்பாளுக்குத் தெரியாது. பருப்பால இல்லை. பொரி உருண்டையாலயும் இல்லை."

ஒத்திகை பார்த்தது இவ்வளவுதான்.

அந்தப் பக்கம் ஒரு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"பத்தொம்பதாம் தேதி."

"பதினெட்டு நாள்."

"ஆமாம்மா."

"நான் பருப்ப நிறுத்தினேன்னு மெசேஜ் போட்டப்ப தெரியுமா?"

"தெரியும்."

"கும்பிடுற படம் அனுப்பினீங்க."

"ஆமாம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன், அதற்கு முகத்தைக்கூட ஒருமாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். போனில் முகம் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

"டப்பாவோட பின்பக்கத்தப் போட்டோ எடுத்து அனுப்புங்க. டாக்டர்கிட்ட காட்டணும். தெரியாம போட்டதுக்கு எனக்குக் கோவம் இல்லை. அது எங்களுக்குப் பழக்கம். எங்க போனாலும் நடக்கும். நான் உங்ககிட்ட வந்து மன்னிப்புக் கேட்டேன் சார். அதை வாங்கிக்கிட்டீங்களே."

வைத்துவிட்டார்.

மாளிகைக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பினேன். மங்கலாக இருந்தது. மறுபடி எடுத்தேன். மூன்றாவதுதான் தெளிவாக வந்தது.

9 டிசம்பர், செவ்வாய்

ஏழு குடும்பங்களுக்கும் நானே போன் செய்து சொன்னேன். ஐந்து குடும்பங்கள் அறையை ரத்து செய்தன. விநாயகம் என்னை உணவுக்கூடத்திலிருந்து வரவேற்பு மேசைக்கு மாற்றினார். "நீ உண்மையெல்லாம் பேசறவன், வாசல்லயே நில்லு" என்றார். பன்னிரண்டு வருடத்தில் அவர் சொன்ன ஒரே நல்ல வரி.

சட்டம் இறங்கிவிட்டது. ஆணி இருக்கிறது.

12 டிசம்பர், வெள்ளி

தமிழினி அந்தக் குழுவில் நான்கு வரி எழுதியிருக்கிறார். முன்பு எழுதியது தவறு. சாம்பாரில் போட்ட பெருங்காயத்தில் கோதுமை மாவு இருந்தது. எங்கே போனாலும் டப்பாவை நீங்களே கேட்டு வாங்கிப் பாருங்கள். தான் மறுபடி பருப்பு சாப்பிட ஆரம்பித்திருக்கிறார்.

என் பெயர் இல்லை. திட்டும் இல்லை. நான்கே வரி. திருத்த ஒன்றும் இல்லை.

மீனம்பாளிடம் கடைசி வரியை மட்டும் படித்துக் காட்டினேன். "ஒரு சொல் விடாம மறுபடி படிங்க பாய்" என்றாள். படித்தேன்.

6 ஜனவரி 2026, செவ்வாய்

வேலை முடித்துக் கிளம்பும்போது மீனம்பாள் உள்ளே கூப்பிட்டாள். மேடை முழுக்க டப்பாக்கள், பின்பக்கம் என்னைப் பார்த்தபடி.

"இப்ப பாருங்க."

"எனக்கு இப்போ இந்த வேலை இல்லை மீனம்பாள்."

"வேலைன்னா சொன்னேன்? பாருங்க."

முப்பத்தொரு டப்பா. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன். கோதுமை என்று வரும்போதெல்லாம் அவள் ஒரு தட்டு தட்டி அதை இடப்பக்கம் தள்ளினாள். சோயா சாஸில் இருந்தது. ஒரு மசாலாப் பொடியில் இருந்தது. ஊறுகாயில் பெருங்காயம் இருந்தது. அந்தப் பெருங்காயத்தில் என்ன இருந்தது என்று ஊறுகாய்க்காரன் எழுதவில்லை. அதையும் தள்ளினாள்.

பதினோரு உணவில் நான்கு தேறின. சாம்பார், மாவில்லாத பெருங்காயம் புதுச்சேரியிலிருந்து வந்த பிறகு, ஐந்தாவது.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கடிகாரத்தைப் பார்த்தேன். பதினாலு நிமிடம். பத்து என்று சொல்லியிருந்தேன். அதிலும் தப்பு.

9 ஜனவரி, வெள்ளி

புது அட்டை. கலெக்டரை எடுத்துவிட்டேன். விநாயகம் இன்னும் முதல் பக்கத்தைப் படிக்கவில்லை. காலையில் ஒரு விருந்தினர் நாயைக் கேட்டார். கடலை மண்டி முதலாளி நாய் வளர்க்கவில்லை என்றேன்.

21 ஜனவரி, புதன்

வரவேற்பு மேசைக்கு இன்று வந்த பதிவுகள் மூன்று. முதல் இரண்டும் சென்னை, சனி ஞாயிறு.

மூன்றாவது: தமிழினி, திருச்சி. பிப்ரவரி 3 முதல் இரண்டு இரவு. காரணம் என்ற இடத்தில் 'மேற்குச் சுவர்' என்று எழுதியிருக்கிறார். காலை உணவு: வேண்டாம். மதிய உணவு: வேண்டாம். இரவு உணவு: வேண்டாம். அறையில் ப்ளக் பாயிண்ட் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

நான்காம் அறைக்குப் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு இடப்புறம் ஒன்று இருக்கிறது. இருக்கிறது என்று பதில் அனுப்பினேன்.